என் பேரில் இருக்கும் கம்பெனி

கணக்கில் வருவாள். ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்தவளும் கணக்கில் வருவாள். தற்காலிகம், நிரந்தரம் என்று நாம் பிரித்துப் பேசுவது நம்முடைய வசதிக்கு. தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினை இல்லை. டெம்பரவரி ஆளும் கணக்கில் வருமா என்று நீ போனில் கேட்டபோது இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். போன் ஹாலில் இருக்கிறது. அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அப்பாவையே கேட்டுக்கோ கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டிருப்பாய். டெம்பரவரி ஆளுங்களைச் சட்டம் கேட்காது, கையில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறார். போன மாதம் வரை நானும் நம்பியிருந்தேன். நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்து மஞ்சள் தடவி அடுக்கியாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தொழிலைப் பார்க்கப் போகிறாய். என் பேரில் இருக்கும் கம்பெனி சுமதி பேருக்கு மாறப் போகிறது. வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு மாமனார் செய்கிற மரியாதை என்று அப்பா அதை எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். ஆடிட்டர் பேப்பர்களைத் தயார் செய்து வைத்திருக்கிறார். சுமதி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

அந்தச் சுவர் எழும்பிய வருஷம் நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஷெட்டுக்கு நடுவே ஹாலோ பிளாக் சுவர். பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை, சத்தம் தாங்கவில்லை என்று நீ மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். எதற்குச் சுவர் என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சுவருக்கு ஒரு பக்கம் மோட்டார் வைண்டிங், அது அப்பாவின் கம்பெனி. மறுபக்கம் தகடு அடிக்கிற பவர் பிரஸ், அது என் கம்பெனி. இரண்டு பெயர்ப் பலகை, இரண்டு கரண்ட் மீட்டர், இரண்டு கதவு எண். சுவர் நடுவில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள். என் கம்பெனியில் அடித்த தகடு அந்த வாசல் வழியாக அப்பாவின் கம்பெனிக்குள் போகும். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் மெஷினில் வேலை செய்தால் தொழிலாளர் காப்பீடு, அந்த ஈ.எஸ்.ஐ. வரும், ஃபேக்டரி சட்டம் வரும். அதனால் இரண்டு பக்கமும் பத்துக்குக் குறைவாகப் பதிவேட்டில் இருப்பார்கள். அதற்கு மேல் தேவைப்படும் ஆட்கள் டெம்பரவரி. இது உன் அப்பா கண்டுபிடித்த வித்தை இல்லை. நம் தெருவிலேயே சுவர் இல்லாத ஷெட் அபூர்வம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்கு லேத் எங்கே வாங்கலாம் என்று சொல்கிற அதே மூச்சில், சுவரை எங்கே எழுப்பலாம் என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஊட்டுக்காரம்மா பேரில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். அப்படித்தான் நான் முதலாளி ஆனேன். சமையல் முடிந்த பிறகு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, பென்சில் குறி இருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு.

நான் எம்.ஏ. எகனாமிக்ஸ் படித்தவள். உனக்கே சில சமயம் மறந்துபோகும். கல்லூரியில் தொழிலாளர் பிரச்சினை என்று ஒரு தாள் இருந்தது. அதில் நல்ல மார்க் வாங்கினேன். படித்த பக்கங்களுக்கும் வீட்டின் பின்னால் இருந்த ஷெட்டுக்கும் இடையே நடந்து போகிற தூரம்தான். நடக்கவில்லை. இதைக் குற்ற உணர்ச்சியோடு எழுதவில்லை. எப்படி நடந்தது என்று யோசிக்கும்போது அப்படித்தான் தெரிகிறது. ஒரு விஷயத்தைப் பரீட்சைக்காகத் தெரிந்துகொண்டால் அது பரீட்சையோடு முடிந்துவிடுகிறது.

இப்போது ருக்குவைப் பற்றி. ருக்குமணி. உனக்கு முகம் ஞாபகம் இருக்கும், பெயர் தெரிந்திருக்காது. புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரஸ்ஸில் உட்கார்ந்திருப்பாளே, போன பொங்கலுக்கு நீ வந்தபோது "சின்னவருக்கு தாடி நெம்ப அழகா இருக்குதுங்க, ஆடு மேய்க்க உடலாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவள். சத்தியமங்கலத்துப் பக்கம் ஊர். சங்கனூர்ப் பள்ளத்தோரம் குடியிருக்கிறாள். புருஷன் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை தூக்குகிறான், வாரத்துக்கு ஒரு முறை வருவான். டெம்பரவரியாகத்தான் சேர்ந்தாள். உன் கல்லூரிப் படிப்பு தொடங்கி முடிந்து, நீ வேலைக்குப் போய், இப்போது கல்யாணம் வரை வந்துவிட்டது. அவள் இன்னும் டெம்பரவரி.

ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய், பிறகு ஹாஸ்டலில். தெருவில் நமக்கு முன்னாலுள்ள ஷெட்டிலிருந்து எச்சரித்துப் போன் வரும். உடனே பதிவேட்டில் இல்லாத பெண்கள் எல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறப் பொடக்காளி வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். சீயக்காய் போட்டுக் கை கழுவுவார்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் பூவை நான் கிள்ளிக் கொடுப்பேன். ஹாலில் சோபாவில் உட்காருவார்கள். மற்ற நாளில் ஷெட் வாசலில் கண்ணாடி கிளாஸில் டீ குடிக்கிறவர்களுக்கு அன்றைக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி, தட்டில் முறுக்கு. யாராவது கேட்டால் ஒறம்பரை, சொந்தக்காரர்கள். நம் பக்கத்தில் வீடு நிறைய ஒறம்பரை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பெருமை என்றுதான் நினைப்பார்கள். நானும் அதை ஒரு விளையாட்டுப் போலத்தான் பார்த்தேன். அந்தப் பெண்களும் அப்படித்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான் அவர்களுக்கு. ஆனால் யாரும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உன் நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அப்படி ஒரு நாள். வந்த இன்ஸ்பெக்டர் புதியவர், நம் பக்கத்து மனுஷர். ஷெட்டைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று வீட்டுக்குள் வந்தார். சோபாவில் இருந்தவர்களைப் பார்த்து, "ஊட்ல ஒறம்பரைங்களா?" என்றார்.

"பையனுக்குக் கல்யாணமுங்க" என்றார் அப்பா. "பொண்ணூட்டுப் பக்கத்து ஒறம்பரைங்க. சத்தியில இருந்து வந்திருக்காங்க."

"அட, நல்லதுங்க. பொண்ணு எந்தக் கூட்டமுங்க?"

ருக்குவைப் பார்த்துத்தான் கேட்டார். கல்யாணம் என்றால் நம்மவர்கள் முதலில் கேட்பது குலக்கூட்டத்தைத்தானே. ருக்குவுக்குத் தெரிந்த கூட்டம் ஒன்றே ஒன்று. நம் கோயில் பொங்கல் பத்திரிகையில் வருஷா வருஷம் பார்த்து, ஷெட்டுக்குள் பேச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டது. நம்முடைய கூட்டத்தின் பேர். அதைத் தலையை நிமிர்த்திக்கொண்டு கணீரென்று சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நம் கூட்டத்துக் கோயில் காலண்டரைப் பார்த்தார். "மாப்பளையும் அதே கூட்டந்தானுங்களே? அப்ப அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா தாலி கட்டப் போறீங்க?"

ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பது நம்மிடம் எவ்வளவு பெரிய விபரீதம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பயணக் களைப்புங்க, அதான்..." என்று இழுத்தார்.

"இருக்கும், இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். "சத்தியில இருந்து பஸ்ஸுல நின்னுட்டே வந்தா அப்பன் பேரே மறந்து போகுமுங்க." ருக்குவின் நகங்களைப் பார்த்தார். எண்ணெய்க் கறுப்பு சீயக்காய்க்குப் போகாது. எழுந்து செருப்பைப் போடும்போது என்னிடம், "அடுத்த தடவ நான் வர்றதுக்குள்ள ஒறம்பரைக்கெல்லாம் கூட்டத்தச் சொல்லிக் குடுத்து வெய்யிங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். பதிவேட்டில் இருந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போனார். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. கல்யாண வீடு என்பதாலும் இருக்கலாம்.

அவர் சொன்னதை நான் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் டீ நேரத்தில் பொடக்காளியில் அவர்களை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கூட்டம் பிரித்துக் கொடுத்தேன். ஒருத்திக்கு என் அம்மா வீட்டுக் கூட்டம், ஒருத்திக்கு உன் பெரியம்மா வீட்டுக் கூட்டம். குலதெய்வம் எது, கோயில் எந்த ஊரில், எல்லாம். எம்.ஏ. படித்தவள் கடைசியில் நடத்திய வகுப்பு அது ஒன்றுதான். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "அக்கா, கூட்டத்த மட்டும் குடுத்தாப் போதுமுங்களா, அதோட ரெண்டேக்கரா தோட்டத்தையும் சேத்திக் குடுங்க" என்றாள் ருக்கு. "கெணறு இருக்கற தோட்டமாப் பாத்து." நானும் சிரித்தேன். அவளுக்குச் சுமதி வீட்டுக் கூட்டத்தைக் கொடுத்தேன். மூன்று முறை சொல்ல வைத்தேன்.

பிறகு அது நடந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், மதியம். கரண்ட் போனது. போனதும் சுவிட்சை அணைக்க வேண்டும், யாரும் அணைக்கவில்லை. பெடல் பாதியில் சிக்கி நின்றிருக்கிறது. அச்சில் மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க ருக்கு கையை உள்ளே விட்டாள். கரண்ட் வந்தது. பிரஸ்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு வேலைக்குத் தொந்தரவு என்று எப்போதோ கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் போனது. நான் சத்தம் கேட்டு ஓடியபோது அவள் சத்தம் போடவில்லை. மற்றவர்கள்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உன் அப்பா அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காரில் போட்டார். சட்டையெல்லாம் ரத்தம். சிக்னலில் நிற்காமல் ஓட்டினார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். "ஊட்டுக் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுங்க" என்றார் அப்பா. டாக்டர் காயத்தைப் பார்த்தார். "கதவு இப்படி நசுக்காதே" என்று சொல்லி, ருக்குவிடம் குனிந்து, "நீ சொல்லும்மா. யாரு நீ, எங்க ஆச்சு இது?" என்றார்.

ருக்கு மயக்கத்தில் இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஒறம்பரைங்க" என்றாள். "கல்யாணத்துக்கு வந்தனுங்க." அதோடு நிறுத்தவில்லை. நான் கொடுத்த கூட்டத்தின் பேரைச் சொன்னாள், கோயிலைச் சொன்னாள், கோயில் இருக்கும் ஊரைச் சொன்னாள். இந்த முறை ஒன்றுகூடத் தப்பில்லை. டாக்டர் அதையெல்லாம் கேட்கவே இல்லை.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். இரண்டு நாள் கழித்து உன் கல்யாணப் புடவை எடுக்க ஒப்பணக்கார வீதிக்குப் போன இடத்தில், உன் அத்தையைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே சட்டப் புத்தகம் விற்கிற கடைக்கு ஆட்டோவில் போனேன். கடைக்காரர் "பையன் லா படிக்கறானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஜரிகைப் புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தேன். மெலிந்த புத்தகம். பூஜை அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

நீ கேட்ட கேள்விக்கு அந்தப் புத்தகம் சொல்வதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நாள் கூலிக்கு ஆள் வைப்பது தப்பில்லை. ரொக்கமாகக் கையில் கொடுப்பதும் தப்பில்லை. பதிவேட்டில் எழுதாமல் விடுவதுதான் தப்பு. எழுதாமல் விட்டால் அவள் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. நாம் எழுதவில்லை என்று மட்டும்தான் ஆகும். தலை எண்ணும்போது டெம்பரவரியும் தலைதான். சுவரை அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். ஒரே தகடு, ஒரே மோட்டார், ஒரே குடும்பம் என்றால் ஒரே கம்பெனி என்று சேர்த்துவிடுவார்கள், இதுவரை யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார். இன்னொன்று. வேலையில் அடிபட்டவளுக்கு நாம் ஒரு பைசா கட்டாமல் இருந்திருந்தாலும் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும், உயிர் இருக்கிற வரை. ஈ.எஸ்.ஐ.காரர்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூல் செய்துகொள்வார்கள். அதற்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். இவள் என்னிடம் வேலை செய்தாள், வேலை செய்யும்போது அடிபட்டது என்று முதலாளி எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாளி என்றால் யார் என்று ஆடிட்டரைக் கேட்டேன். பிரஸ் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். "நீங்கதாங்க மேடம்" என்றார்.

ஷெட்டில் ஒரு நாளும் வேலை பார்க்காத நான் எல்லாப் பேப்பரிலும் இருக்கிறேன்.

அப்பாவின் பக்கத்தையும் எழுத வேண்டும். அந்தப் பெண்களே பிடித்தம் வேண்டாம் என்பார்கள், முழுசாகக் கையில் வேண்டும் என்பார்கள் என்கிறார். உண்மை. அடுத்த ஷெட்காரன் கட்டாதபோது நான் மட்டும் கட்டினால் என் மோட்டார் விலை கூடிவிடும், ஆர்டர் போய்விடும் என்கிறார். அதுவும் உண்மை. இந்த ஷெட்டில் வந்த பணத்தில்தான் நீ படித்தாய். ருக்குவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே பார்த்தார், யாரும் கேட்காமல். "அவள நான் நடுத்தெருவுல உட்டுருவனா? நாஞ் செய்யாம வேற ஆரு செய்வா?" என்றார். செய்வார். நாம் நன்றாக இருக்கும் வரை, அவருக்கு மனசு இருக்கும் வரை செய்வார். ஆனால் அது அவள் நம் வாசலில் வந்து நின்று வாங்குவது. ஒவ்வொரு தடவையும் நம் முகத்தைப் பார்த்து வாங்குவது. மற்றது அப்படி இல்லை. அதற்கு அவள் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உன் அப்பாவுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. எனக்குப் புரிந்ததற்குக் காரணம், இருபத்தெட்டு வருஷமாக என் கைச்செலவுக்கு நான் அவர் முகத்தைப் பார்த்து வாங்குகிறேன் என்பதாக இருக்கலாம். கம்பெனி என் பேரில்தான் இருக்கிறது.

போன வியாழக்கிழமை ருக்கு வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு. ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் எனக்கு இடம் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். கட்டு பெரிதாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கடையிலிருந்து கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். வேண்டாம் என்றேன். "குடியுங்கக்கா, ஒறம்பரை வந்தாச் சும்மா அனுப்ப முடியுமுங்களா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

"கல்யாண வேலையெல்லாம் ஆச்சுங்களா?"

"ஆகீட்டு இருக்குது."

"அது செரி. ஒறம்பரைக்கெல்லாம் நேர்ல போய்ப் பத்திரிகை வெச்சுக் கும்புடுவீங்களே, எனக்குக் கொண்டுட்டு வந்தீங்களா?" என்றாள். என் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னனுங்க. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவள் உண்மையில் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "ஏனுங்கக்கா, மறுக்கா என்னைய வேலைக்கு எடுத்துக்குவீங்களா? எடது கையில ஓட்டிப் பழகிக்கறனுங்க. மொதல்ல கொஞ்சம் மெதுவாத்தான் ஆகும். ஐயன்கிட்டச் சொல்லுங்க."

பிரஸ்ஸுக்கு இன்னொரு கையையும் கொடுக்கிறேன் என்கிறாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் படித்ததைச் சொன்னேன். மாதாமாதம் வரும், வேலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் வரும் என்றேன். நம்பவில்லை. "ஆரு குடுப்பாங்க?" என்றாள். சொன்னேன். "ஐயனுக்கு ஏதாச்சும் தொந்தரவு வருமுங்களா?" "வரும்." "மத்த புள்ளைகளுக்கு வேலை போயிருமுங்களா?" "அது எனக்குத் தெரியல ருக்கு. போகாமப் பாத்துக்கறேன்."  "நீ எங்கிட்ட வேலை செஞ்சேன்னு எழுதிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "செஞ்சது நெசந்தானுங்களே. அதுக்கு என்னத்துக்கு என்னையக் கேக்கறீங்க?"

பள்ளத்தோரம் நடந்து மெயின் ரோட்டுக்கு வரும் வரை அதைத்தான் யோசித்தேன். நான் அவளிடம் அனுமதி கேட்டது மரியாதை என்று நினைத்திருந்தேன். உண்மையில் முடிவை அவள் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது அதிகம் இல்லை. தொழிலை எடுத்துக்கொள். நன்றாக நடத்து. லாபம் சம்பாதிப்பது கேவலம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒருத்தியை உன் ஷெட்டில் உட்கார வைத்தால் முதல் நாளே எழுது. எழுத முடியாது என்றால் வைக்காதே. அவளே எழுத வேண்டாம் என்று சொன்னாலும் எழுது. இன்றைய கூலி குறைகிறது என்பதுதான் அவளுக்குத் தெரியும், அதற்காக அவளைக் குறை சொல்லாதே. பிரஸ்ஸுக்குத் தடுப்பு போட்டால் வேலை மெதுவாகும். ஆகட்டும். சுமதி பி.காம். படித்த பெண். அவள் பேரில் கம்பெனி வேண்டுமானால் அவளுக்கு அங்கே ஒரு மேஜை போடு, அவள் தினமும் வந்து உட்காரட்டும், ஆட்களின் முகம் அவளுக்குத் தெரியட்டும். உட்கார மாட்டாள் என்றால் அவள் பேரை இழுக்காதே. பெண்டாட்டி பேரில் எழுதுவதை நம் ஊரில் பாசம் என்கிறார்கள். என் அனுபவத்தில் அது, கேஸ் வந்தால் யார் பேரில் வரும் என்கிற ஏற்பாடு. அப்பா அப்படி நினைத்துச் செய்யவில்லை. செய்ததன் அர்த்தம் அதுதான்.

நான் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வைத்திருக்கிறேன். சுவர் செல்லாது என்று ஆகலாம். பழைய பாக்கியெல்லாம் கட்டச் சொல்லலாம். என் பேரில் வழக்கு வரலாம். கல்யாணச் செலவு நேரத்தில் இது பெரிய இடி. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியவில்லை. உன் கல்யாணத்துக்கு முன்னால் செய்கிறேன் என்று உனக்கு வருத்தம் வரலாம். வந்தால் எழுது. கல்யாணம் முடிந்த பிறகு என்றால், எழுதிக் கொடுக்க வேண்டியவள் சுமதியாக இருப்பாள். அவள் ருக்குவைப் பார்த்ததுகூட இல்லை.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று திங்கட்கிழமை. காலையில் அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"கல்யாணம் முடியட்டும் புள்ள" என்றார்.

"முடிஞ்சா சுமதிதானுங்க கையெழுத்துப் போடோணும்."

கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார்.  "உன்னையக் கொண்டுபோய் உள்ள வெச்சாங்கன்னா என்ன பண்ணுவ?"

"இட்லி கொண்டுட்டு வாங்க" என்றேன்.

சிரிக்கவில்லை. ஆனால் கோபப்படவும் இல்லை. "எத்தன பேருக்கு நாம சோறு போட்டிருக்கறோம்" என்றார். அவருக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது. கை கழுவினார். மாடிக்குப் போய்விட்டார். நான் கிளம்பும்போது என்னைத் தடுக்கவில்லை. காரை எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போனேன். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஓனர் வரலீங்களா?" என்றார். "நாந்தாங்க ஓனர்" என்றேன். இன்னொரு தரம் படித்தார். "மூணு வாரம் ஆயிருச்சுங்களே. அடிபட்டதுமே சொல்லியிருக்கோணும். லேட்டுக்குக் காரணம்னு ஒரு எடம் இருக்குதுங்க பாருங்க, அதுல ஏதாச்சும் எழுதுங்க." பேனாவை எடுத்தேன். "மறைத்தோம்" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க கம்பெனிக்கு ஈ.எஸ்.ஐ. பதிவுக் கோடு நம்பரே இல்லீங்களே" என்றார். "இல்லீங்க. அதுக்கும் ஒரு ஃபாரம் குடுங்க" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். ஆட்களின் எண்ணிக்கை கேட்ட இடத்தில் சுவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எழுதினேன்.

முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். ஆர்டர் நாளைக்குப் போக வேண்டும் என்றார்கள். மூலையில் கிடந்த கம்பித் தடுப்பைத் தூசி தட்டி, மெக்கானிக்கை வரவழைத்து, அதை மாட்டி முடிக்கும் வரை ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.